இரண்டு தேக்கரண்டி

ஆளுநர் மாளிகை ஒன்றின் விருந்தினர் பிரிவில் 11 வருடம் இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே மாளிகை நிர்வாகத்துக்குக் கம்ப்ட்ரோலர் உண்டு, ஆளுநருடன் இருந்து உதவ ஏடிசி உண்டு, சமையலுக்கு, தோட்டத்துக்கு, வெள்ளிப் பாத்திரம் துடைக்க என்று எல்லாவற்றுக்கும் பணியிடம் உண்டு. வருகிறவர்களை வரவேற்று, அவர்கள் கிளம்பும்வரை கூடவே இருக்கிற வீட்டுக்காரிக்கு மட்டும் கிடையாது. ஆளுநரின் மனைவி செய்வார். அவர் இல்லையென்றால் மகள்.

ராஜாஜி 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலானபோது மனைவி இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்து அப்பாவோடு இருந்த நாமகிரிதான் 340 அறைகள் கொண்ட அந்த டெல்லி மாளிகையில் விருந்தினரைக் கவனித்துக்கொண்டார். அதற்கு முன் கடைசி வைஸ்ராயின் மனைவி எட்வினா மவுண்ட்பேட்டன் இருந்த இடம்! வைஸ்ராயின் ஆடம்பரப் படுக்கையறை வேண்டாமென்று ராஜாஜி சின்ன அறைக்கு மாறியதையும், உணவுப் பஞ்சத்துக்காகத் தோட்டத்தில் கோதுமை போட்டதையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கோ, சாப்பாட்டு மேஜையில் நாமகிரிக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசனை போகும்.

ஏனென்றால் நான் அப்படி ஒரு மகளைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்காகக் கல்லூரி வேலையை விட்டு வந்தவர். நாங்கள் அம்மா என்போம். ஒரு விருந்தில், பதவி வரிசைப்படிதான் பெயர் அட்டைகளை வைத்தேன். ஒருவர்மேல் ஒருவர் வழக்கு நடத்திக்கொண்டிருந்த இருவர் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பத்து நிமிடம் முன்பு அவர் ஒரு சுற்று வந்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டு அட்டைகளை மாற்றினார். ஒருவரைத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அப்புறம், "வரிசை தப்பாச்சுன்னு யாராவது கேட்டா, நான் மாத்தினதாச் சொல்லுங்க" என்றார். மறுநாள் செய்திக்குறிப்பில் வழக்கம்போல, ஆளுநர் விருந்தளித்தார்.

பதவிக்காலம் முடிந்து கிளம்பும்போது பொருட்களைச் சரிபார்த்தோம். தட்டு, கிண்ணம், விரிப்பு எல்லாம் சரி, இரண்டு தேக்கரண்டி குறைந்தது. தேடலாம் என்றேன். அவர் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணி வைத்தார். ரசீது எழுதும்போது, ஆளுநர் பெயரில் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், என் பேர்லயே போடுங்க."

ஐந்து வருடக் கோப்புகளில் நான் அவர் பெயரை எழுதியது அந்த ஒரு தாளில்தான்.