தபால் ஓட்டை

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டு வாசல் கதவில், இடுப்பு உயரத்தில், கடிதங்களை உள்ளே போட ஒரு தபால் ஓட்டை இருக்கிறது. பித்தளை மூடி. ஸ்பிரிங் எப்போதோ போய்விட்டது. காற்றடிக்கும் ராத்திரிகளில் தன்பாட்டுக்கு டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மன்னார்குடியிலிருந்து வந்த அம்மா, வந்த மூன்றாம் நாளே என் பழைய பனியன் ஒன்றைச் சுருட்டி அதில் அடைத்துவிட்டார். "பச்சைக் குழந்தை இருக்கிற வீடு தம்பி, இப்படிக் காத்து வந்தா எப்படி?"

நடை உண்மையாகவே கொஞ்சம் வெதுவெதுப்பானது. ஆனால் தபால்காரர் கடிதங்களை வாசற்படியிலேயே போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அப்படி மழையில் ஊறிக் கிடந்த காகிதங்களில் ஒன்றுதான் கவுன்சிலின், அதாவது எங்கள் ஊர் உள்ளாட்சியின், நோட்டீஸ். எங்கள் தெருவுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய கராஜ்களை இடித்துவிட்டு, கவுன்சிலே 28 வீடுகள் கட்டி வாடகைக்கு விடப்போகிறதாம். எல்லாம் பாசிவ்ஹவுஸ் தரத்தில், அதாவது சூடு வெளியே கசியாமல், சூடாக்க மிகக் கொஞ்சம் மின்சாரமே கேட்கிற மாதிரி. சனிக்கிழமை சமூகக் கூடத்தில் வரைபடம் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருந்தது.

பாசிவ்ஹவுஸ் என்றால் எனக்குக் கொஞ்சம் பழக்கம். பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம். என் மனைவிக்கு இங்கே கிழக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்த நான், பாலிடெக்னிக் டிப்ளமாவை ஓரமாக வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாகப் பரீட்சை எழுதி எலக்ட்ரீஷியன் ஆனவன். இரண்டு வருடம் முன்பு ஒரு பாசிவ்ஹவுஸ் கட்டடத்தில் வயரிங் வேலை கிடைத்தது. முதல் நாளே சைட் மேனேஜர் சொன்னார்: "சுவரில் ஓட்டை போடுவதானால் என்னிடம் சொல்லிவிட்டுப் போடு." சரி என்று தலையாட்டினேன். வெளிவிளக்குக்கு ஒரு ஒயர் வெளியே போக வேண்டியிருந்தது. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. போட்டேன், ஒயரை இழுத்தேன், மறந்துவிட்டேன்.

அப்புறம் காற்றுச் சோதனை வந்தது. வாசல் நிலையில் ஒரு துணித் திரையை இறுக்கிக் கட்டி, நடுவே பெரிய ஃபேன் வைத்து, வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சுவார்கள். உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் 50 பாஸ்கல் வரும்வரை. வீட்டை நாலா பக்கமும் மணிக்கு 20 மைல் வேகக் காற்று முட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் ஒரு மணி நேரத்தில் கசிந்து வருகிற காற்று, வீட்டின் மொத்தக் கொள்ளளவில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது. எங்கள் வீடு தாண்டிவிட்டது. சோதனைக்காரர் பேனா மாதிரி ஒரு புகைக்குழலை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகப் போனார். என் சுவிட்ச் பெட்டிக்கு அருகே வந்ததும் புகை கலைந்து அறைக்குள்ளே சுழன்று வந்தது. பத்துப் பேர் முன்னால். பிளாஸ்டர்போர்டைப் பெயர்த்து, ஒயரைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, டேப் ஒட்டி, மறுபடி மூடி, மறுபடி சோதனை. ஒரு நாள் வேலை போயிற்று. பிறகு நான் துரப்பணத்தைத் தொட்டாலே "ஏய், ஓட்டை!" என்று கத்துவார்கள்.

அன்றைக்குப் புரிந்தது, இந்த வீட்டில் மாயக் கருவி எதுவும் கிடையாது என்று. சுவரிலும் கூரையிலும் சூட்டைக் கடக்க விடாத தடித்த காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், தெற்கு வெயிலை உள்ளே விடுகிற அமைப்பு, ஓட்டை இல்லாத கூடு. காற்றோட்டத்துக்கு ஒரு பெட்டி: சமையலறை, குளியலறைக் காற்றை வெளியே தள்ளும்போது அதன் சூட்டைப் பிடுங்கி, உள்ளே வருகிற புதுக்காற்றுக்குக் கொடுக்கும். இரண்டும் கலக்காது. எங்கள் தொழில் கணக்கில் சொன்னால், வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது. 70 சதுர மீட்டர் வீட்டுக்கு 1,050 யூனிட்.

நான் குடியிருக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மனசு வரவில்லை. விக்டோரியா காலத்து வரிசை வீடு, காப்பில்லாத செங்கல் சுவர். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது. ஏஜென்டுக்குப் படம் எடுத்து அனுப்பினால், வீட்டுக்குள் துணி காயப்போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வரும். ஜனவரியில், கைக்குழந்தையோடு. இந்த நாட்டில் பூசணம் வேடிக்கை இல்லை. ரோச்டேலில் இரண்டு வயதுப் பிள்ளை அதனால்தான் 2020-இல் இறந்தது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அவாப் சட்டம் வந்து, 2025 அக்டோபரில், கவுன்சில் போன்றவை குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கும் வந்துவிட்டது. பூசணம் என்று சொன்னால் குறித்த நாளுக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். எங்களைப் போல் தனியாரிடம் குடியிருக்கிறவர்களுக்கு இன்னும் இல்லை.

சனிக்கிழமை அம்மாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் பத்துப் பலகைகள், பிஸ்கட், டீ. பாதிப் பேர் கார் நிறுத்த இடம் எங்கே என்றுதான் கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர், இந்த வீடுகளில் ஜன்னலே திறக்க முடியாதாமே என்று சண்டைக்கு நின்றார். திறக்கலாம் ஐயா, திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை என்று நானே போய்ச் சொன்னேன். கவுன்சில் சம்பளம் கொடுக்காத வேலை.

அம்மா என் காதருகில், "இது நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரியா?" என்றார். ஏறக்குறைய. ஆனால் விற்பதற்கில்லை, வாடகைக்கு. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு. "அப்ப நமக்குக் கிடைக்காதா?" கிடைக்காது அம்மா, எங்கள் விசாவில் அதற்கு இடமில்லை. "கிடைக்காத வீட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

ஒரு பலகையில் நாரிச் நகரத்து கோல்ட்ஸ்மித் தெருவின் படம் இருந்தது, முன்மாதிரி என்று. அடுத்த லீவு நாளில் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். நாரிச் கவுன்சில் கட்டிய 105 வீடுகள்: 45 தனி வீடு, 60 அடுக்கு வீடு. வடிவமைத்தது மிகைல் ரிச்சஸ் நிறுவனமும் கேத்தி ஹாலியும். 2019-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலையின் பெரிய விருதான ஸ்டர்லிங் பரிசை இந்தத் தெரு வாங்கியது. அந்த வருடப் போட்டியில் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையமும் மக்காலன் விஸ்கி ஆலையும் இருந்தன. கவுன்சில் வீடுகள் அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை.

பரிசு வாங்கிய தெரு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். வெளிர் செங்கல், கறுப்பு ஓடு, தாழ்ந்த கூரைகள். தெருவின் குறுக்கே வீட்டுக்கு வீடு 14 மீட்டர்தான், சாதாரணமாக 21 விடுவார்கள். அவ்வளவு நெருக்கத்திலும் குளிர்கால வெயில் எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போக வேண்டும் என்பதற்காகக் கூரையை 15 டிகிரியில் சரித்திருக்கிறார்கள். மேல் மாடிக் குடும்பத்துக்கும் தெருவிலேயே தனி வாசல் கதவு. பின்னால் இரண்டு வரிசைக்கு நடுவே செடி வைத்த சந்து, கார் வராது. இரண்டு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

நான் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எதிலும் ஓட்டை இல்லை. தபால் பெட்டிகளை வாசல் முகப்பிலேயே வெளியே பதித்துவிட்டார்கள், குளிர்காற்று நுழையக் கூடாது என்று. அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். "அதைத்தானே நான் பனியன் வச்சுச் செஞ்சேன்," என்றார்.

இந்த வீடுகள் நிலைக்குமா என்பது வேறு கதை. 1980 சட்டப்படி இங்கே கவுன்சில் குடியிருப்பாளர் தன் வீட்டைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். 2024 நவம்பரில் தள்ளுபடியைப் பெரிதாகக் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் உரிமை இருக்கிறது. காசு புரட்டிக் கட்டிய வீடு கைவிட்டுப் போகும் என்ற பயத்தோடேதான் கவுன்சில்கள் கட்டுகின்றன. வாங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வரைபடத்துக்கும் செங்கலுக்கும் நடுவே நடப்பது. விலை ஏறும், காப்பின் தடிமனைக் குறைப்பார்கள், சோதனையை ஒரு வீட்டில் செய்துவிட்டு எல்லாம் பாஸ் என்பார்கள், பெயர்ப்பலகையில் மட்டும் பசுமை இருக்கும். வேலை பார்க்கிற இடங்களில் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதனால் ராத்திரி கவுன்சில் இணையதளத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண் 14, முன்பக்கத் தோற்றம். வாசல் கதவு, கைப்பிடி, அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு சின்னச் செவ்வகம். தபால் ஓட்டை!

கருத்துப் படிவத்தில் எழுதினேன்: அந்தச் செவ்வகத்தை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் சோதனை, பிளாஸ்டர்போர்டு மூடும் முன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. காற்றுப் பெட்டியின் ஃபில்டரை மாற்றுவது யார், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? அம்மா பக்கத்தில் நின்று, "துணி எங்க காயப்போடுவாங்கன்னு கேளு," என்றார். முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், 28 வரைபடங்களிலும் அதற்கு ஓர் இடம் குறிக்கவில்லை. அதையும் எழுதி அனுப்பினேன்.

பனியன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் ஒரு பிளாஸ்டிக் தபால் பெட்டி வாங்கி வெளிச்சுவரில் மாட்டினேன். நான்கு ஸ்குரூ, நான்கு ஓட்டை. ஏஜென்டிடம் கேட்கவில்லை.