தாடையும் தொடையும்: நுண்குமிழிகளோடு சில மாதங்கள்

எலும்பு மீளாக்க ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், எலியின் தாடையெலும்பிலிருந்தும் தொடை எலும்பிலிருந்தும் எடுத்த மஜ்ஜை ஸ்டெம் செல்களை அருகருகே வளர்த்து, அவை வெளியிடும் நுண்குமிழிகளை, அதாவது சவ்வால் மூடிய மிகச் சிறிய பைகளை, பிரித்தெடுப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. நுண்நோக்கியில் இரண்டும் ஒன்று போலவே தெரிந்தன. பிறப்பு மட்டும் வேறு. தாடையின் எலும்பு செல்கள் கருவில் நரம்புக் குழாயின் விளிம்பில் தோன்றும் நரம்பு முகட்டிலிருந்து வருபவை. தொடையின் செல்கள் கருவின் நடு அடுக்கான இடைப்படலத்திலிருந்து வருபவை. கால் எலும்பின் முன்னோடிச் செல்களைத் தாடைக் காயத்தில் வைத்தால், அங்கே நேரடியாக எலும்பாகாமல் குருத்தெலும்பை உருவாக்குகின்றன என்று சுண்டெலிகளில் நடந்த ஆய்வொன்று 2008-இல் காட்டியது. செல்கள் தம் ஊரை மறப்பதில்லை என்றால், அவை அனுப்பும் குமிழிகளும் அந்த நினைவைச் சுமக்குமா என்பதே எங்கள் கேள்வி.

இந்தக் குமிழிகளில் சிறியவையான எக்சோசோம்கள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ளவை. புரதங்களையும், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் ஏந்திச் சென்று, பெறும் செல்லின் போக்கை மாற்றக்கூடியவை. கிண்ணங்களில் வளரும் செல்களுக்கு இருவகைக் குமிழிகளையும் தனித்தனியே கொடுத்து, 21-ஆம் நாளில் கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் சாயம் ஏற்றியபோது, தாடைக் குமிழிகளைப் பெற்ற கிண்ணங்களே அடர் சிவப்பாக இருந்தன. கால்சியம் நன்றாகப் படிந்திருக்கிறது என்று மகிழ்ந்து, கூட்டத்துக்குப் படங்களையும் தயாரித்துவிட்டேன்.

பிழை அளவிடுதலில் இருந்தது. இரு மாதிரிகளையும் புரத எடையால் சமன்செய்திருந்தேன். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் மாட்டுச் சீரத்தின் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரின்) எச்சப் புரதங்களும், அந்தச் சீரத்துக்கே உரிய குமிழிகளும் அந்த எடைக்குள் புகுந்துகொள்ளும் என்பதை, பாடத்தில் படித்திருந்தும், கையில் குழாயை வைத்திருந்தபோது நினைக்கவில்லை. துகள்களை எண்ணிப் பார்த்ததில், ஒரே எடைக்குத் தாடை மாதிரியில் குமிழிகள் கணிசமாக அதிகம் என்று தெரிந்தது. அப்படியானால் நான் ஒப்பிட்டது எலும்பையா, எண்ணிக்கையையா?

குமிழி நீக்கிய சீரத்தோடு எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினேன். மீவேக மையவிலக்கை முழுநாளும் சுழலவிட்டு, குழாயின் அடியில் கண்ணுக்குப் புலப்படாத படிவைத் தேடும் வேலை பொறுமையை உண்மையிலேயே சோதிக்கும். துகள் எண்ணிக்கையைச் சமமாக்கியதும் வேறுபாடு பாதியாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. முதல் படங்களைவிட இந்த மங்கிய சிவப்பையே நான் அதிகம் நம்பினேன். மண்டையோட்டில் துளையிட்ட எலிகளுக்கான சோதனைத் திட்டத்தை அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினோம். மருந்தளவுக்கான கட்டத்தில் மைக்ரோகிராம் என்றிருந்ததை அடித்துவிட்டு, துகள்களின் எண்ணிக்கை என்று எழுதினேன்.