கூண்டு ஏற்றாத காலத்துப் புயல்கள்

டிசம்பர் கடைசியில் புயல் வராது என்று புதுச்சேரியில் யாராவது அடித்துச் சொன்னால் நான் இரண்டு தேதிகளைச் சொல்வேன். ஒன்று எல்லாருக்கும் நினைவிருக்கும்: 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இன்னொன்று 1760 டிசம்பர் 31 இரவு. அன்று சாய்ந்தவை ஆங்கிலேயர்களின் கப்பல்கள்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஒன்றாம் எண் முதல் பதினொன்று வரை உண்டு. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எண் ஏற ஏற, துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களை வெளியே, நடுக்கடலுக்குப் போகச் சொல்வார்கள். "புயல் நேரத்தில் கடலுக்கா அனுப்புவீங்க?" என்று என் மைத்துனர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். அந்த நேரத்தில் கப்பலுக்கு ஆபத்து தண்ணீரால் வருவதைவிடக் கரையால் வருவதுதான் அதிகம். கட்டி வைத்தால் சுவரில் மோதி உடையும், நங்கூரம் போட்டால் அது இழுபட்டுக் கரையேறும். நடுக்கடலில் ஓட இடமாவது இருக்கும்.

எஞ்சின் இருக்கிற கப்பலுக்கே இந்த நிலை. பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரையில் துறைமுகம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சென்னையில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதே 1870களில்தான், அதையும் 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. அதற்கு முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலை தாண்டிப் போகவேண்டும். அதனால் அக்டோபர் நடுவில் கப்பல்கள் இந்தக் கரையைவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம். தங்கினால் வடகிழக்குப் பருவக்காற்றிடம் மாட்டவேண்டியதுதான்.

1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே தங்கினார். மொரீஷியஸிலிருந்து கப்பல்களைத் திரட்டிவந்து, செப்டம்பர் 21 அன்று சென்னையைப் பிடித்தார். அவருடைய கணக்கு எளிமையானது: 11 லட்சம் வராகன் மீட்புப் பணம் பேசி, ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மழைக்கு முன் கிளம்பிவிடுவது. புதுச்சேரியில் இருந்த ஆளுநர் துய்ப்ளேவுக்கு அது பிடிக்கவில்லை. ஊரைக் கைப்பற்றியதும் உங்களிடம் தருகிறேன் என்று அவர் ஆற்காட்டு நவாபுக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடிதமாகப் பறந்தது. ஒரே அரசனின் இரண்டு அதிகாரிகள் மூன்று வாரம் சண்டை போட்டதில் அக்டோபர் பாதி வந்துவிட்டது.

அக்டோபர் 13. பகல் முழுக்க நல்ல வானிலை. நள்ளிரவில் புயல் வந்தது. விடிவதற்குள் சில கப்பல்கள் மூழ்கின, மற்றவை பாய்மரம் ஒடிந்து மிதந்தன. லா பூர்தொனேவின் 'அஷீல்' கப்பலும் மரங்களை இழந்தது. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இந்த ஒரே இரவை ஆங்கிலேயர் அக்டோபர் 2 என்று எழுதியிருப்பார்கள், ஏனென்றால் அவர்களிடம் இன்னும் பதினோரு நாள் பின்தங்கிய பழைய நாட்காட்டிதான். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருடம், புரட்டாசி போய் ஐப்பசி பிறக்கிற சமயம். புயல் மாதத்தைச் சரியாகச் சொன்ன நாட்காட்டி எது என்று நான் சொல்லவேண்டியதில்லை!

கப்பல் போனதும் லா பூர்தொனேவின் பேரமும் போயிற்று. அவசரமாக ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் எழுதிவிட்டு அக்டோபர் 23 அன்று மிச்சக் கப்பல்களோடு கிளம்பினார். துய்ப்ளே அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றார். கப்பல் இல்லாததால் விட்டுச்சென்ற வீரர்களும் துய்ப்ளே கைக்கே வந்தார்கள். பிரான்சுக்குத் திரும்பிய லா பூர்தொனேவுக்குக் கிடைத்தது பஸ்தீய் சிறை. குற்றமற்றவர் என்று 1751இல் விட்டார்கள், 1753இல் இறந்துபோனார். சென்னையோ 1748 உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கே திரும்பியது. அதற்கு ஈடாகப் பிரான்சுக்குக் கிடைத்தது கனடாவில் உள்ள லூயிபூர் கோட்டை. மயிலாப்பூர்க்காரருக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

நடுவில் 1749 ஏப்ரலிலும் ஒரு புயல். கடலூர் பக்கம் ஆங்கில அட்மிரல் பாஸ்கவனின் முதன்மைக் கப்பல் 'நேமர்' போயிற்று. அட்மிரல் கரையில் இருந்ததால் பிழைத்தார், கப்பலில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. சித்திரைப் புயல், யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் 1760. என்னை மிகவும் இழுப்பது இதுதான்.

பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியைத் தரையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் கடலில் ஆங்கில அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்களும் வளைத்திருந்தன. உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. நவம்பர் கடைசியிலேயே சாப்பாடு தீர்ந்து, உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரை லாலி கோட்டைக்கு வெளியே தள்ளிவிட்டார். ஆங்கிலேயர் அவர்களைத் தாண்டவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு பல நாள் கிடந்தார்கள். கடைசியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார். முற்றுகையின் கதையில் பெயரே இல்லாமல் வந்துபோகிறவர்கள் இவர்கள்தான்.

டிசம்பர் 31 இரவு காற்று ஏறியதும் ஸ்டீவன்ஸ் நங்கூரக் கயிற்றை வெட்டிக் கடலுக்குள் ஓடினார். மற்ற கப்பல்களுக்கும் சைகை கொடுத்தார். அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும், யாருக்குத் தெரியும்? கிளம்பாமல் நின்றவர்கள்தான் மாட்டினார்கள். மூன்று கப்பல்கள் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னும் மூன்று அரியாங்குப்பம் பக்கம் தரைதட்டின. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கரையிலும் முகாம் பறந்து, வெடிமருந்து நனைந்து, பீரங்கி மேடுகள் கரைந்தன.

விடிந்து பார்த்த லாலிக்கு ஆகாயமே கைக்கு எட்டியதுபோல இருந்திருக்கும். ஜனவரி 2 அன்று பழவேற்காட்டில், டச்சுக்காரர் ஊரில், இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார்: ஆங்கிலக் கப்பற்படை ஒழிந்தது, பன்னிரண்டு கப்பலில் ஏழு போயிற்று, சலங்கு சலங்காக, அதாவது படகு படகாக, அரிசி அனுப்பு, டச்சுக்காரர்கள் இனிப் பயப்பட ஒன்றுமில்லை. கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது.

ஸ்டீவன்ஸ் ஜனவரி 4 அன்றே திரும்பி வந்து நின்றார். அவர் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது கப்பலைத் திருப்பியதைவிட இதுதான்: டச்சுக்காரர்களுக்கும் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்கும் உடனே கடிதம் போட்டார். முற்றுகை தொடர்கிறது, புதுச்சேரிக்கு உணவு கொண்டுபோகும் படகு எதுவானாலும் பிடிப்போம். நடுநிலை நாட்டுக்காரன் அரிசி அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த ஒரு வாரத்தில், லாலியின் கடிதம் போய்ச் சேரவில்லை, ஸ்டீவன்ஸின் கடிதம் போய்ச் சேர்ந்தது. புயல் உடைத்த கப்பல்களைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால் முற்றுகை முடிந்தது இந்தத் தபாலில்.

ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் ஊருக்குள் நுழைந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்திருந்தார். இருபத்தைந்து வருடம் எழுதிய மனிதர் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. லாலியை 1766இல் பாரிஸில் சிரச்சேதம் செய்தார்கள்.

ஜெயித்தவர்களும் உடனே அடித்துக்கொண்டார்கள், 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் செய்த அதே வேலை. ஊர் யாருக்கு, மன்னருக்கா கம்பெனிக்கா? சென்னை ஆளுநர் பிகட் வந்து, கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் படைச் செலவுக்குப் பணம் தரமாட்டேன் என்றார். கூட் தரப்பு பணிந்தது. பிறகு கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரான்சுக்குத் திரும்பியது, 1765இல் வந்தவர்கள் திரும்பவும் கட்டவேண்டியிருந்தது. சனி, ஞாயிறுகளில் ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அந்தத் தெருவெல்லாம் இதற்குப் பிறகு எழுந்ததுதான்.