வன உரிமை மனு: மலைக்கிராமங்கள் படிவம் சி-யை விட்டுவிடக் கூடாது

வன உரிமைச் சட்டம் 2006 என்றதும் எல்லோரும் பட்டாவைத்தான் கேட்கிறார்கள். அது படிவம் ஏ. 13.12.2005-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர். தேன், கடுக்காய், சீமாறுப் புல், மேய்ச்சல், மீன்பிடி எல்லாம் படிவம் பி. ஊர் காலங்காலமாகக் காத்துவரும் காட்டை நிர்வகிக்கும் உரிமை படிவம் சி. என் பார்வையில் மிகப் பெரிய உரிமை இதுதான், பல ஊர்கள் கேட்காமலே விடுவதும் இதைத்தான்.

பெரும்பாலும் சறுக்குவது கிராம சபையில். ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை கூட்டினால் மலைமேல் உள்ள குடியிருப்புகளின் குரல் அமுங்கிவிடும். குடியிருப்பு அளவிலேயே கூட்டுங்கள். உறுப்பினர்களில் பாதிப்பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மனு மீது தீர்மானம் என்றால் மனுதாரர்களிலும் பாதிப்பேர் இருக்கவேண்டும். வருகைக் கையெழுத்து இல்லாத தீர்மானம் எளிதில் அடிபடும்.

சான்று குறைந்தது இரண்டு. பழைய அபராத ரசீது, கல்லறை, கோயில், கிணறு, மனுதாரர் அல்லாத பெரியவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாமே செல்லும். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று மட்டும் சொல்லித் தள்ளுவது தவறு. அந்தப் படம் துணைச் சான்று மட்டுமே என்று விதி 12ஏ சொல்கிறது.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள். சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்ற முடியாது, பிரிவு 4(5).