ரேஸ் கோர்ஸ் சாலையில் ஆயிரம் விளக்கு

புரட்டாசிச் சனிக்கிழமை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பெருமாளைச் சேவித்து, அன்னதானமும் முடித்து, கையில் துளசி வாசம் போவதற்குள் அப்பாவை ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அழைத்துப் போனேன். "ஆயிரம் விளக்குக் கோயில்ப்பா" என்றதும், "அது மெட்ராஸ்ல இல்ல இருக்கு?" என்றார். நகைப்பட்டறையில் ஊதுகுழல் பிடித்தே காலம் கழித்தவர். கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

சாக்கியமுனி புத்தகயா கோயில், 1927-இல் வுத்திசாரா என்ற தாய்லாந்துத் துறவி தொடங்கியது. வாசலில் புலியும் சிறுத்தையும் காவல். உள்ளே 15 மீட்டர் உயரத்தில் புத்தர், சுற்றிலும் விளக்குகள். பின்பக்கத் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தால் சயனக் கோலம். "இங்கேயும் ரங்கநாதரா!" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கே வரும்போதெல்லாம், புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் அவர் சொன்னது நினைவுக்கு வரும்: இந்த மனம் ஒளியுடையது, வந்து சேரும் அழுக்குகளால்தான் மாசுபடுகிறது. பாலி மொழியில் அவற்றுக்கு 'ஆகந்துக' என்று பெயர். விருந்தாளிகள், வீட்டுக்காரர்கள் அல்ல. பௌத்தத்தின் தேரவாதப் பிரிவு உரைகாரர்கள் அந்த ஒளிமனத்தைப் பவங்கம், அதாவது எண்ணங்களுக்கு அடியில் ஓடும் மனநிலை, என்று அடக்கமாக முடித்துக்கொள்ள, மகாயானப் பிரிவினர் எல்லோருக்குள்ளும் இருக்கும் புத்த இயல்பு வரை கொண்டுபோனார்கள். அதற்குள் நான் போகவில்லை. அப்பாவுக்கு அதே நிகாயத்தின் பொன் உவமையைச் சொன்னேன். இரும்பு, செம்பு, வெள்ளீயம், காரீயம், வெள்ளி ஐந்தும் கலந்தால் பொன் மங்கும், வேலைக்கு வளையாது. ஆசை, வெறுப்பு, சோம்பல், பதற்றம், சந்தேகம் சேர்ந்த மனமும் அப்படித்தான்.

"செம்பு கலக்காம நகை எப்படிடா நிக்கும்? 916-ல மிச்சம் என்ன, காத்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவரே தொடர்ந்தார். "ஆனா காரீயம் சொன்னது சரி. துளி பட்டாப் போதும், தட்டும்போது பொன்னு வெடிச்சிடும். அப்புறம் புடம் போட்டுத்தான் எடுக்கணும். பொன்னு எங்கேயும் போயிருக்காது, உள்ளேயேதான் இருக்கும்."

இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

செருப்பை மாட்டும்போது கேட்டார், "அந்த அஞ்சுல எதுடா காரீயம்?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்லலப்பா."

"கோபமாத்தான் இருக்கும்" என்றவர், ரெண்டடி நடந்து திரும்பினார். "உங்கம்மாகிட்ட சொல்லி வைக்காதே."