கதவுள்ள அறை

செப்டம்பர் 2, 2025, செவ்வாய்

காலையிலிருந்து நேற்றைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றித்தான் பேச்சு. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால், பணியில் இருக்கும் ஆசிரியர்களும் 2 ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேற வேண்டும். பி.எட். இரண்டாம் ஆண்டுப் பெண்கள் நான்கு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கே இப்படின்னா, எங்க கதி என்ன மேம்?"

பாடத்திட்டம், பழைய வினாத்தாள், நேரம் ஒதுக்குவது எல்லாம் சொன்னேன். டெட் தேறினாலும் போட்டித் தேர்வு இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஒருத்தி மட்டும் எதுவுமே கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். திருவள்ளூரிலிருந்து ரயிலேறி, பூங்கா நிலையத்தில் மாறி சைதாப்பேட்டை வருகிறவள். "ஒண்ணுமில்ல மேம்" என்றாள். எங்கள் ஆலோசனை மையம் என்பது ஆசிரியர் அறையின் ஒரு மூலைதான். நடுவில் ஒரு பீரோ. அந்தப் பக்கம் ரெக்கார்டு நோட்டு திருத்துகிறவர்கள் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். எழுந்து போகும்போது மெதுவாகக் கேட்டாள்: "இன்டர்னல் மார்க் நீங்கதானே மேம் போடுவீங்க?"

ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆலோசகரே மதிப்பெண் போடுகிறவராகவும் இருக்கக் கூடாது என்று வகுப்பில் நடத்துகிறவளே நான்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கல்லூரி முதல்வரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, கதவுள்ள ஓர் அறை. இன்னொன்று, என்னிடம் பேச வருகிறவர்களுக்கு வேறு யாராவது மார்க் போட வேண்டும். பழைய உளவியல் ஆய்வகத்தைத் தந்துவிட்டார். மார்க் விஷயத்தைக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். நான் விடப்போவதில்லை.

ஆய்வகத்தைப் பெருக்கித் துடைத்தோம். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவி மட்டும் மேசையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுவரில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினேன்: 14416.

அக்டோபர் 14, செவ்வாய்

மார்க்குக்கு வேறு ஆள் போட ஒத்துக்கொண்டார்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து, 16 வார இன்டர்ன்ஷிப்பில் ஒரு வாரம் ஓடிவிட்டது. இன்று பள்ளி விட்டதும் நேராக வந்தாள். கதவைச் சாத்தினேன். இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வேறொருவரிடம் சொல்வேன் என்றேன். தலையாட்டினாள். ரொம்ப நேரம் அந்த நட்சத்திரத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் சொன்னாள். ஆறாம் வகுப்பில் பாடம் வாசிக்கும்போது திக்கியதற்காக பெஞ்சு மேல் நிற்க வைத்தார்களாம். வகுப்பே சிரித்ததாம். இப்போது கரும்பலகையில் தலைப்பு எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. கையிலிருக்கும் சாக்பீஸ் ஒடிந்துபோகிறது. டெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"தைரியமா இரும்மா" என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கேட்டேன், அவ்வளவுதான். கடைசியில், வியாழக்கிழமை உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்காரட்டுமா என்றேன்.

"அப்சர்வேஷன் நோட்டு இல்லாமலா மேம்?"

"வெறுங்கையோடதான்மா வருவேன்."

"அப்ப வாங்க மேம்."