ஐந்து நிமிஷம் உட்காருங்கம்மா

போன ஆவணியில் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் கணுக்காலைச் சுற்றி லேசாகத்தான். பத்து நாளில் செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாக மேலே வந்தது.

எங்கள் பக்கம் கால் வீங்கினால் அடுத்த பேச்சு கிட்னிதான். பெரியப்பா அப்படித்தான் போனார். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் என்று 2,800 ரூபாய். நான் வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். அந்தப் பணம் ஏறக்குறைய இருபது லைனிங் ஜாக்கெட்டின் கூலி. எல்லாம் நார்மல் என்றார்கள். நீர் பிரிய ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியில் விடை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் கிடைத்தது. தப்பு நடந்ததும் அங்கேதான்.

அம்மாவுக்கு வயது 67. ஆறு வருஷமாகச் சுகருக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராமும் எடுக்கிறாள். மாதா மாதம் மாத்திரை அங்கேதான். அந்த ஆனி மாதம் போன அன்று நானும் கூட இருந்தேன். பஸ் வரவில்லை, ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடந்தோம். டாக்டர் வேறொரு நிலையத்துக்கு மாற்றுப்பணியில் போயிருந்தார். எங்களுக்கு வந்தது பொறுப்பு டாக்டர், அதுவும் பதினொரு மணிக்குத்தான் வந்தார். மருந்தாளுநர் இரண்டு நிலையங்களுக்குப் பொது, அன்று இங்கே முறை இல்லை. இருந்தது ஒரே நர்ஸ். ஊசி அவர், கட்டு அவர், மாத்திரை கொடுப்பது அவர், கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவர். எங்கள் சீட்டு நம்பர் 94.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்த அடுத்த நொடி, புடவைத் தலைப்புக்கும் ஜாக்கெட் கைக்கும் மேலேயே பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார் நர்ஸ். 172க்கு 98. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. "ராத்திரியும் ஒண்ணு சேர்த்துக்கோங்க." அவ்வளவுதான். அந்த நர்ஸ் மேலோ டாக்டர் மேலோ எனக்குக் கோபமில்லை. பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

அம்லோடிபின் கூடும்போது சிலருக்குக் கால் வீங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாற்றுப்பணி முடிந்து எங்கள் டாக்டரம்மா திரும்பி வந்த பிறகு, புரட்டாசி தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், கூட்டம் தாங்காது. அப்படியும் அவர் அம்மாவின் காலை அமுக்கிப் பார்த்தார். நோட்டைக் கேட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர், எங்கள் தெருக்காரப் பெண், மாதா மாதம் அம்மாவின் திண்ணையில் வைத்து பி.பி. பார்த்து எழுதிவைத்த நோட்டு அது. 136க்கு 84. 134க்கு 82. 138க்கு 86. நடுவில், ஆனியில் நிலையத்தில் பார்த்தது மட்டும் சிவப்பு மையில் 172.

டாக்டரம்மா அந்த ஒரு வரியில் விரலை வைத்தபடி நர்ஸிடம் என்னவோ சொன்னார். நர்ஸ் அம்மாவைச் சுவரோரப் பெஞ்சுக்கு அழைத்துப்போனார். "ஐந்து நிமிஷம் உட்காருங்கம்மா. முதுகைச் சுவரில் சாய்ங்க. ரெண்டு காலையும் தரையில் வைங்க. பேசக் கூடாது. ஒண்ணுக்கு வந்தா முதல்ல போயிட்டு வந்துடுங்க." ஜாக்கெட் கையை மேலே சுருட்டி, கையை மேஜையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பட்டையைச் சுற்றினார். 140க்கு 86. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். 138.

வெயிலில் நடந்து வந்த மூச்சோடு, துணிக்கு மேலேயே பார்த்ததால்தான் அன்று 172 காட்டியிருக்கிறது. ராத்திரி மாத்திரை நின்றது. தனியாரில் எழுதிய நீர் மாத்திரையும் நின்றது. இரண்டு வாரத்தில் அம்மாவின் கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. அன்று அவள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். அதற்கு மெஷின் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். ஆள் வேண்டும்.

என் தங்கச்சி வேறு மாவட்டத்தில் ஸ்டாஃப் நர்ஸ். 2015இல் தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருத்தி. சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை என்று 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்தபோது, எட்டு மாதக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அவளும் போனாள். நிரந்தர ஆணை கைக்கு வந்தபோது அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது.

அவள்தான் இந்தக் கணக்கைச் சொன்னாள். 24 மணி நேர நிலையத்துக்கு மூன்று நர்ஸ், ஆளுக்கு எட்டு மணி நேரம். கேட்க நிறைவாக இருக்கும். நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு 21 முறை வேலை. மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு ஏழு, அதாவது ஏழு நாளும். வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் லீவு எடுத்தாலே மூன்று முறைக்கு ஆளில்லை. ஒருத்தி பிரசவத்துக்குப் போனால்? 2021 ஜூலையிலிருந்து அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். நியாயமான விடுப்பு, அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அந்த வருஷம் முழுக்க அந்த இடத்துக்கு எங்கள் நிலையத்தில் வேறு ஆள் வரவில்லை. இரண்டு பேர், 21 முறை. அந்த இரண்டு பேரில் ஒருத்திதான் அம்மாவுக்கு 172 பார்த்தது.

வாசலில் இருக்கிற பலகையில் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கிறது. மாற்றுப்பணிக்குப் போனவர் பெயரும், விடுப்பில் இருப்பவர் பெயரும் அதில் அப்படியே இருக்கின்றன. கணக்கில் காலியிடமே இல்லை, உள்ளே நாற்காலி காலி.

எங்கள் டாக்டரம்மா மார்கழியில் மேற்படிப்புக்குப் போய்விட்டார். முதுநிலையில் மாநில இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. அந்த ஒதுக்கீடு இருப்பதால்தான் இளம் டாக்டர்கள் எங்கள் ஊர் மாதிரி இடத்துக்கு வருகிறார்கள். அதை யாரும் தொடக் கூடாது. ஆனால் ஒருவர் படிக்கப் போகிறார் என்பது திடீரென்று வரும் சேதியா? போகும் அன்றே அடுத்தவர் வந்து, நோட்டுகளைப் பார்த்துக் கைமாற்றி வாங்கிக்கொள்ள முடியாதா? இப்போது வாரத்தில் மூன்று நாள் பொறுப்பு டாக்டர். சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு என்பது விதி. மூன்று நாளில் யாருடைய கால் வீக்கத்தை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து கேட்டேன். இதற்கு முன் நான் அங்கே பேசியதில்லை, கை நடுங்கியது. எத்தனை பணியிடம் என்ற பலகைக்குப் பக்கத்தில், இன்றைக்கு யார் இருக்கிறார், எத்தனை மணி வரை இருப்பார் என்று தினமும் சாக்பீஸால் எழுதும் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். மாற்றுப்பணிக்குப் போனவர் பெயருக்கு நேரே, எந்தத் தேதியில் திரும்புவார் என்றும் எழுத வேண்டும். இரண்டே கோரிக்கை. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நானும், மாத்திரைக்கு வரிசையில் நிற்கிற பதினேழு பெண்களும் கையெழுத்துப் போட்டோம். மார்ச் 22 சபையில் என்ன ஆயிற்று என்று மறுபடி கேட்பேன்.

அம்மா இப்போது மாத்திரைக்குப் போனால், கூப்பிட்டதும் ஸ்டூலுக்குப் போவதில்லை. சுவரோரப் பெஞ்சில் சாய்ந்து, ஜாக்கெட் கையைத் தானே சுருட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு நர்சம்மா, அடுத்த ஆளைப் பாருங்க" என்கிறாள். போன வாரம் பக்கத்தில் இருந்த பாட்டியையும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.